சுவரில் மாட்டும் முகம்: கைத்தொலைபேசிப் படத்தை நல்ல அச்சாகப் பெறுவது எப்படி?

சென்ற மழைக்காலத்தில் பன்விலைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் ஒரு மூதாட்டி காலமானார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர். கருமாதிக்கு முதல்நாள் மாலை நாம் அந்த லயத்துக்குச் சென்றபோது, இஸ்தோப்பில் ஒரு கதிரையின் மீது கண்ணாடிச் சட்டமிட்ட பெரிய படமொன்று சாத்தி வைக்கப்பட்டிருந்தது. மாலையும் கட்டித் தயாராக இருந்தது. ஆனால் படத்தைச் சுவரில் மாட்ட எவருக்கும் மனம் வரவில்லை. மூத்த மகன் எம்மை அருகே அழைத்து, "பாதர், நீங்களே பாருங்க. இதுல அம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 12×18 அங்குலக் காகிதத்தில் சின்னச் சின்னச் சதுரங்களே தெரிந்தன. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் கட்டங்கள். மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோன போது, அவர் கணனியில் ஏதோ செய்து வேறொரு படம் அடித்துக் கொடுத்திருக்கிறார். அதையும் காட்டினார்கள். அது தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் சுருக்கமில்லாத, மினுமினுப்பான, முன்பின் தெரியாத ஒரு பெண் அதிலிருந்து எம்மைப் பார்த்தாள். கணவரான பெரியவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று மட்டும் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

இரண்டு அச்சுக்கும் சட்டத்துக்கும் அக்குடும்பம் கொடுத்தது பல நாட் சம்பளம். இதேபோன்ற அனுபவத்தை வேறு தோட்டங்களிலும் கேட்டிருக்கிறோம். நாமும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது முன்பள்ளிக் கலைவிழா மலருக்காக வட்ஸ்அப்பில் சேகரித்த படங்களை அப்படியே அச்சகத்துக்குக் கொடுத்து, முப்பது பிள்ளைகளின் முகங்களைப் புகை மண்டிய நிழல்களாக்கி வெளியிட்ட பெருமை எமக்கும் உண்டு. தாய்மார் எதுவும் சொல்லவில்லை. மலரை வாங்கிப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டார்கள். அதன் பின்னரே இவ்விடயத்தைப் படித்தறிய முற்பட்டோம். இவ்விதழை வாசிக்கும் ஆசிரியர்கள், முன்பள்ளிப் பொறுப்பாளர்கள், இளைஞர் கழகத்தினர் ஆகியோரிடந்தான் தோட்டத்து மக்கள் இத்தகைய உதவிகளைக் கேட்டு வருகின்றனர் என்பதால், அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

கோலமும் புள்ளியும்

பழைய பிலிம் சுருளில் ஒளி பட்ட இடத்தில் வெள்ளி உப்பு மாற்றமடைந்து படம் உருவானது. டிஜிட்டல் படம் அப்படியன்று. அது நிறப் புள்ளிகளை வரிசை வரிசையாக அடுக்கி வைத்த ஒரு பெரிய கோலம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு நிறம். இப்புள்ளியையே பிக்ஸல் என்கிறார்கள். அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவன் சாஸன் 1975இல் உருவாக்கிய முதலாவது டிஜிட்டல் கமராவில் அகலத்துக்கு 100, உயரத்துக்கு 100 என மொத்தம் 10,000 புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தைச் சாதாரண ஒலிநாடாவில் பதிவு செய்ய 23 செக்கன்கள் எடுத்தன. இன்று எமது இளைஞர்களின் சட்டைப் பையிலுள்ள சாதாரணக் கைத்தொலைபேசி எடுக்கும் படத்தில் பெரும்பாலும் 4000×3000, அதாவது ஒரு கோடியே 20 இலட்சம் புள்ளிகள் இருக்கின்றன. இதைத்தான் 12 மெகாபிக்ஸல் என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள்.

பொங்கலன்று வாசலில் கோலமிடுவோர் இதை எளிதில் விளங்கிக்கொள்வர். ஐந்து புள்ளிக் கோலத்தை முற்றம் முழுவதும் நிரம்பும்படி பெரிதாக்க வேண்டுமானால் புள்ளிகளைத் தள்ளித்தள்ளித்தான் வைக்க வேண்டும். கோலம் பெரிதாகும், நுணுக்கம் கூடாது. படமும் அவ்வாறே. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் கண்ணுக்குப் புள்ளி தெரியாது. சுவரில் மாட்டிச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 200 போதும். 150 வரையும் சமாளிக்கலாம். அதற்குக் கீழே இறங்கினால் முகம் கரையத் தொடங்கும்.

இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. கைத்தொலைபேசியில் படத்தைத் திறந்து அதன் விபரங்களைப் பார்த்தால் 4000×3000 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். இரண்டிலும் கடைசி இரு பூச்சியங்களை நீக்குங்கள். 40, 30 என வரும். மூன்றால் வகுத்தால், கையில் வைத்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறந்த அச்சின் அளவு அங்குலத்தில் கிடைக்கும்: ஏறத்தாழ 13×10. இரண்டால் வகுத்தால் சுவர்ப்படத்தின் அளவு: 20×15. ஆகவே, இன்றைய கைத்தொலைபேசியின் மூலப்படம் எந்த வீட்டுச் சுவருக்கும் தாராளமாகப் போதும். அப்படியானால் அந்த மூதாட்டியின் படத்துக்கு என்ன நேர்ந்தது?

வழியில் தொலைந்த புள்ளிகள்

அப்படம் ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் பலரோடு சேர்ந்து எடுக்கப்பட்டது. எடுத்தவர் அதை வட்ஸ்அப்பில் அனுப்பினார். சாதாரணமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கி, நீண்ட பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிகளாகக் குறைத்தே கொண்டு செல்கிறது. தரவுச் செலவைக் குறைக்க அது செய்யும் உபகாரம் அது. ஒரு கோடியே 20 இலட்சம் புள்ளிகள் 20 இலட்சத்துக்கும் குறைவாகிவிட்டன. பின்னர் அக்குழுப் படத்திலிருந்து அம்மாவின் தலையையும் தோளையும் மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அது படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் 260 புள்ளிகளுக்கு மேல் தேறாது. அந்த 260ஐ 12 அங்குலத்துக்கு இழுத்தார்கள். அங்குலத்துக்கு 22 புள்ளிகூட இல்லை. சதுரங்கள் தெரியாமல் வேறென்ன தெரியும்?

எனவே முதலாவது வேலை, எடுத்தவரின் கைத்தொலைபேசியிலுள்ள மூலப்படத்தைத் தேடிப் பிடிப்பது. அதை வட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம், ஆனால் படமாக அல்லாமல் 'ஆவணம்' என்ற பிரிவின் மூலம் கோப்பாக அனுப்ப வேண்டும். அப்போது ஒரு புள்ளியும் குறையாது. 2023ஆம் ஆண்டு முதல் 'எச்.டி.' என்றொரு தெரிவும் அதிலுண்டு. அது சாதாரணத்தைவிட மேலானது, ஆனாலும் மூலப்படத்துக்கு ஈடாகாது. மின்னஞ்சலில் இணைத்தோ, பென் டிரைவில் போட்டோ, கைத்தொலைபேசியையே கடைக்குக் கொண்டு போயோ கொடுக்கலாம். திரையில் தெரியும் படத்தைத் திரைப்பிடிப்பு எடுத்துக் கொடுப்பதும், வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருந்து எடுத்துக் கொடுப்பதும் எல்லாவற்றிலும் மோசமானவை. மூலப்படந்தானா என்று அறிய, கோப்பின் பருமனைப் பாருங்கள். 12 மெகாபிக்ஸல் படம் பெரும்பாலும் சில மெகாபைட் இருக்கும். 200 கிலோபைட் என்று காட்டினால் அது வழியில் மெலிந்த படம். ஐபோன் வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது 2017 முதல் 'ஹெய்க்' என்ற வகையில் படங்களைச் சேமிப்பதால் சில கடைகளின் கணனிகள் திறக்க மறுக்கும். ஜேபெக் வகையாக மாற்றிக் கொடுப்பது நல்லது.

மூலப்படம் எங்குமே இல்லை என்றால்? மெலிந்த படத்தைச் சிறிதாக அடியுங்கள். 1600 புள்ளிகள் உள்ள முழுப்படம் 4×6 அளவில் கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். சிறிய படத்தை அகலமான வெள்ளை அட்டையின் நடுவே ஒட்டிப் பெரிய சட்டத்துக்குள் வைத்தால் சுவருக்கும் அழகு, முகத்துக்கும் சேதமில்லை. பெரிய படந்தான் மரியாதை என்ற எண்ணம் எமது மக்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சிறிதானாலும் அடையாளம் தெரியும் முகமே மரியாதை என்று எடுத்துச் சொல்வது எமக்குச் சுலபமாக இருக்கவில்லை.

கடைக்காரர் செய்த இரண்டாவது படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மங்கலான படத்தைத் 'தெளிவாக்கித்' தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்று ஏராளம். இல்லாத புள்ளிகளை அவை கண்டுபிடிப்பதில்லை. ஏற்கெனவே பார்த்துப் பழகிய பிற முகங்களைக் கொண்டு இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகின்றன. பின்னணியிலுள்ள மரத்துக்கு அது பரவாயில்லை. இறந்துபோன தாயின் கண்ணுக்கு அது தகாது என்பதே எமது அபிப்பிராயம்.

காகிதத்தின் வடிவம்

கைத்தொலைபேசிப் படத்தின் நீள அகலம் பெரும்பாலும் நாலுக்கு மூன்று. போஸ்ட்காட் அளவு என்று சொல்லும் 4×6 மூன்றுக்கு இரண்டு. 6 அங்குல நீளத்துக்குப் படத்தைப் பொருத்தினால் அகலம் நாலரை அங்குலம் வரும். காகிதமோ நான்கு. மிகுதி அரை அங்குலத்தை இயந்திரம் வெட்டிவிடும். பின்வரிசையில் நின்ற தாத்தாவின் தலைப்பாகை போவதும், முன்னால் குந்தியிருந்த பிள்ளைகளின் கால் போவதும் இதனால்தான். 6×8 அளவு நாலுக்கு மூன்றுக்கு அப்படியே பொருந்தும், எதுவும் வெட்டுப்படாது. அல்லது "முழுப்படமும் வரட்டும், ஓரத்தில் வெள்ளை விட்டாலும் பரவாயில்லை" என்று கடையில் சொல்லுங்கள். படம் எடுக்கும்போதே தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சற்று இடம் விட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

நிறமும் முகமும்

திரையில் பளிச்சென்று இருந்த படம் காகிதத்தில் இருண்டு போவதைப் பலரும் முறையிடுகின்றனர். திரை தானே ஒளி வீசுவது. காகிதம் தன்மேல் படும் ஒளியைத் திருப்பி அனுப்புவது. ஒரே படம் இரண்டிலும் ஒரேமாதிரி தெரியாது. கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். அப்போதும் முகம் தெளிவாகத் தெரிந்தால் அச்சிலும் தெரியும். பெரிய அளவில் அடிக்கும் முன் ஒரு 4×6 மாதிரி அச்சு எடுத்து, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பது மிகுந்த பயன் தரும். நாம் இப்போது இதைத் தவறாமல் செய்கிறோம்.

இங்கே எமக்கு நீண்டகாலமாக ஒரு மனத்தாங்கல் உண்டு. ஸ்டூடியோக்களிற் பல, கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கிக் கொடுக்கின்றன. வெயிலிலும் மழையிலும் மலையேறி உழைத்த முகத்தின் நிறத்தை யாரோ ஒருவர் கணனியில் ஒரு தட்டில் அழித்துவிடுகிறார். எல்லா இடத்திலும் இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கொடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளைத்தோல் பெண்ணொருத்தியின் படமே இருந்தது. 'ஷேர்லி அட்டை' என்பது அதன் பெயர். அவளுடைய நிறம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று கொள்ளப்பட்டது. கறுத்த முகங்கள் எப்படி வந்தன என்று பல காலம் எவரும் கவலைப்படவில்லை. ஆகவே கடையில் தயங்காமல் சொல்லுங்கள்: "நிறத்தை மாத்த வேணாம், மச்சத்தை எடுக்க வேணாம், இருக்கிறபடியே அடிங்க." கைத்தொலைபேசியிலுள்ள 'அழகூட்டும்' தெரிவையும் எடுக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வில்லையை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள், அடுப்புப் புகையும் எண்ணெய்க் கையும் அதில் படிந்திருக்கும். விரலால் இழுத்துப் பெருப்பிக்காமல் இரண்டு எட்டு முன்னே செல்லுங்கள். வயதானவர்களை வாசல் நிழலில், வெளிச்சத்தை நோக்கி அமர்த்தி எடுங்கள். அடையாள அட்டைக்கான படம் மட்டும் வேறு விடயம். 2017இல் புதிய அட்டை வந்ததோடு அதற்குச் சர்வதேச நியமங்கள் கொண்டுவரப்பட்டன. ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவுபெற்ற ஸ்டூடியோவுக்குத்தான் செல்ல வேண்டும்.

எந்த அச்சு, எவ்வளவு காலம்?

வத்தேகமையிலும் கண்டியிலும் 'போட்டோ பிரின்ட்' என்று எழுதிய பலகைகள் பல. அவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒளியுணர் காகிதத்தில் லேசர் ஒளியால் படத்தைப் பதித்து இரசாயனத்தில் கழுவி எடுப்பது ஒன்று. இது பழைய பிலிம் அச்சின் வாரிசு, நல்ல காகிதத்தில் பல தசாப்தங்கள் நிலைக்கும். மையைத் துளித்துளியாகத் தெளிக்கும் அச்சுப்பொறி மற்றொன்று. இதில் நிறமித் துகள் கொண்ட மை நீடித்து உழைக்கும். மலிவான சாய மையோ காற்றும் வெளிச்சமும் பட்டுச் சில ஆண்டுகளிலேயே மங்கிவிடலாம், ஈரம் பட்டால் கரையும். வெப்பத்தால் சாயத்தைக் காகிதத்தில் ஏற்றி, மேலே மெல்லிய காப்புப் படலம் இடும் சிறு இயந்திரங்கள் மூன்றாவது வகை. அவை சிறிய படங்களுக்கு நல்லவை. நிறப் போட்டோப் பிரதி இயந்திரத்தில் எடுப்பது அறிவித்தற் பலகைக்குப் போதும், வீட்டுச் சுவருக்குப் போதாது.

எது என்று கடைக்காரரிடமே கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால், முன்னர் எடுத்த வேண்டாத அச்சு ஒன்றின் ஓரத்தை நனைத்துப் பாருங்கள். நிறம் விரலில் ஒட்டினால் அது சாய மை.

அச்சு நல்லதானாலும் வைக்கும் இடம் அதைக் கெடுத்துவிடலாம். நக்கிள்ஸ் மலையடிவாரத்தின் ஈரத்தைப் பற்றி எம்மவர்க்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒளியுணர் காகிதத்தின் மேற்பரப்பு ஜெலற்றினால் ஆனது. ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் முகம் கண்ணாடியோடு வரும். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே ஓரங்களில் ஓர் அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விடுமாறு சட்டமிடுபவரிடம் சொல்லுங்கள். அடுப்பு உள்ள பக்கச் சுவர், மழைநீர் கசியும் சுவர், நேர்வெயில் விழும் சுவர் ஆகிய மூன்றும் ஆகாது. ஒரே நீளக் காம்பராவில் வாழ்வோருக்கு நல்ல சுவரைத் தேர்ந்தெடுப்பதே ஒரு சவால்தான், அதை மறந்து இதை எழுதவில்லை. பழைய படங்களை லெமினேட் செய்யாதீர்கள். செய்தபின் பிரிக்க முடியாது, பிரதி எடுக்கவும் பளபளப்புத் தடையாக நிற்கும்.

காகிதமே மிஞ்சியபோது

எல்லாம் கைத்தொலைபேசியிலேயே இருக்கும்போது அச்சு எதற்கு என்று எமது இளைஞர்கள் கேட்கின்றனர். கைத்தொலைபேசி ஆற்றில் விழும், பழுதாகும், அடகுக்குப் போகும். லயனல் வென்ட் 1944இல் காலமானார். இலங்கையின் தலைசிறந்த புகைப்படக் கலைஞரென மதிக்கப்படுபவர் அவர். அவருடைய பிலிம் மூலங்கள் அவர் மறைவுக்குப் பின் அழிக்கப்பட்டன. அவர் காகிதத்தில் அச்சிட்டு வைத்தவையே மிஞ்சின. 1950இல் வெளிவந்த அவரது படநூலும், இன்று நாம் காணும் அவரது படங்களும் அந்த அச்சுகளின் வழி வந்தவை.

எமது மக்களின் காகிதங்களுக்கு வேறொரு வரலாறு. மடுல்கலைப் பக்கத்து வீடுகளில் நாம் கண்ட மிகப் பழைய படங்கள் கலியாணப் படங்கள் அல்ல. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டதன் பின்னர், கடவுச்சீட்டுக்காக எடுத்த படங்கள் அவை. தலைமன்னாரில் கப்பலேறிய அண்ணனின், அக்காளின் முகம் இங்கே தங்கியவர்களிடம் அந்த ஒரு கட்டைவிரலளவுக் காகிதத்தில்தான் இருக்கிறது. தகரப் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கிறது. அவற்றை வெளியே எடுத்து, மேகமூட்டமான பகலில் சன்னலருகே மேசையில் தட்டையாக வைத்து, பிளாஷ் போடாமல், கைத்தொலைபேசியை நேர் மேலே பிடித்துப் படம் எடுங்கள். படத்தை நிறைக்குமளவுக்கு நெருங்குங்கள், ஆனால் உங்கள் நிழல் விழக்கூடாது. இரண்டு மூன்று எடுத்து நல்லதைத் தெரிந்து 4×6இல் இரண்டு பிரதிகள் அடியுங்கள். ஒன்று வேறொரு உறவினர் வீட்டில் இருக்கட்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது லயங்களோடு அவற்றுக்குள் இருந்த எல்லாக் காகிதங்களும் புதைந்தன.

பெயரையும் எழுதுங்கள். ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பகுதியில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் இங்கே எடுத்த படங்களில் உழைக்கும் மக்களின் முகங்கள் உண்டு, ஆனால் அவர்களில் பெரும்பாலோர் யாரென்று எவருக்கும் தெரியாது. பிளாஸ்டிக் பூசிய புதிய காகிதத்தில் பேனா மை காயாமல் அடுத்த படத்தில் ஒட்டும். மென்மையான பென்சிலால் மெதுவாக எழுதலாம், அல்லது சட்டத்தின் பின்னட்டையில் எழுதலாம்.

அந்த மூதாட்டியின் படம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பூப்புனித நீராட்டு விழாவில் படமெடுத்தவர் அவருடைய பேத்தி. கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவரிடம் பேசியபோது, அதே நாளில் ஆத்தாவை இஸ்தோப்பில் தனியாக இருத்தி எடுத்த படமொன்று தன் கைத்தொலைபேசியில் இருப்பதாகச் சொன்னார். ஆவணமாக அனுப்பச் சொன்னோம். 4000×3000 அப்படியே வந்தது. கருமாதிக்கு அது கிடைக்கவில்லை. அடுத்த வாரம் கண்டியில் மாதிரி பார்த்து, நிறத்தில் கை வைக்காமல், 9×12 அளவில் மங்கல் பரப்புள்ள காகிதத்தில் அடித்து, அட்டை வைத்துச் சட்டமிட்டுக் கொண்டு சென்றோம். பெரியவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "மூக்குத்தி தெரியுது" என்றார்.

பின்னட்டையில் பெயர் எழுத அடையாள அட்டையைக் கேட்டோம். அதிலிருந்த பெயரை வாசித்ததும் பேரப்பிள்ளைகள் சிரித்தனர். அந்தப் பெயரில் ஆத்தாவை எவரும் கூப்பிட்டதில்லையாம், யாரோ ஒரு உத்தியோகத்தர் அந்தக் காலத்தில் தவறாக எழுதிக்கொண்டதாம். பிறந்த ஆண்டும் பிழையென்றார் பெரியவர். இரண்டு பெயர்களையும் எழுதினோம், வீட்டுப் பெயரை மேலே, அட்டைப் பெயரைக் கீழே. ஆண்டுக்கு நேரே பெரியவர் சொன்னதை எழுதினோம்.